இருபது ரூபாய் நாணயத்துக்கு எதற்கு இரண்டு உலோகம்?

ஒரு பத்து ரூபாய் நாணயத்தையும் ஒரு இருபது ரூபாய் நாணயத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டின் அகலமும் 27 மி.மீ. பத்து ரூபாயில் வெளி வளையம் பொன்னிறம், நடு வட்டம் வெள்ளை. இருபதில் அப்படியே தலைகீழ்: வளையம் வெள்ளை, நடுவில் பொன்னிறம். பத்து சுத்தமான வட்டம். இருபதுக்குப் பன்னிரண்டு பக்கங்கள். பத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும், இருபதின் விளிம்பு வழவழவென்று இருக்கும்.

இரண்டு உலோகங்களைச் சேர்த்து அடித்த இந்த வகைக் காசுக்கு ஈருலோக நாணயம் என்று பெயர். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று செய்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அழகு இதில் கொசுறு. சட்டைப் பைக்குள் கையை விட்டதும் எது எவ்வளவு என்று விரலுக்குத் தெரிய வேண்டும். காசு போட்டால் ஓடும் இயந்திரம் ஏமாறக் கூடாது. கள்ளக் காசு அடிப்பவனுக்குக் கட்டுப்படியாகக் கூடாது, அடிக்கும் அரசுக்குக் கட்டுப்படியாக வேண்டும். இத்தனை நெருக்கடிக்கும் கண்டுபிடித்த விடைதான் இந்த இரட்டை நிறம்.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். இருபது ரூபாய் நாணயத்துக்கான அறிவிக்கை 2019 மார்ச்சில் வந்தது. அதன்படி எடை 8.54 கிராம். வெளி வளையத்தில் செம்பு 65 சதவீதம், துத்தநாகம் 15, நிக்கல் 20. நடு வட்டத்தில் செம்பு 75, துத்தநாகம் 20, நிக்கல் 5.

இரண்டிலும் இருப்பது அதே மூன்று உலோகங்கள்தான். வெள்ளிபோலப் பளபளக்கும் வளையத்தில்கூட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செம்பு. வெள்ளி துளிகூட இல்லை. நிறத்தை மாற்றுவது நிக்கல். அதைச் சேர்க்கச் சேர்க்கச் செம்பின் சிவப்பு வெளுத்துக்கொண்டே போகும். 20 சதவீதம் வாக்கில் வந்துவிட்டால் கண்ணுக்குச் செம்பு இருப்பதே தெரியாது. வெறும் 5 சதவீதம் சேர்த்தால் பித்தளையின் மஞ்சள் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். துத்தநாகம் செம்பைவிட மலிவு, சேர்ந்தால் கலவைக்குக் கடினமும் கொடுக்கும். நிக்கல் விலை கூடியது, ஆனால் காசு கறுக்காமலும் சீக்கிரம் தேயாமலும் இருப்பது அதனால்தான்.

இன்னொரு விஷயம், இது முலாம் இல்லை. வளையத்தை எங்கே உரசினாலும் உள்ளேயும் அதே வெள்ளைதான் இருக்கும், நடு வட்டத்தின் உள்ளேயும் அதே மஞ்சள்தான். இருபது வருடம் பைகளுக்குள் தேய்ந்தாலும் நிறம் போகாது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. கனடா 2012 முதல் தன் இரண்டு டாலர் நாணயத்தின் வளையத்தை முலாம் பூசிய எஃகுக்கு மாற்றிவிட்டது. காரணம் செலவு.

சரி, வளையத்துக்குள் நடு வட்டம் எப்படி விழாமல் நிற்கிறது? பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்கள், பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவதும் ஆறும்போது அது சுருங்கிச் சக்கரத்தை இறுக்குவதும் இங்கேயும் நடக்கிறது என்று நினைக்கலாம். அப்படி இல்லை. இது சூடே இல்லாமல் ஒரே அடியில் முடிகிற காரியம்.

நாணயச்சாலையில் முதலில் இரண்டு வகைத் தகடுகளையும் வேண்டிய தடிமனுக்கு உருட்டிக்கொள்கிறார்கள். வெள்ளைத் தகட்டிலிருந்து பெரிய வில்லை வெட்டி, அதன் நடுவிலும் துளை போடுகிறார்கள். மஞ்சள் தகட்டிலிருந்து அந்தத் துளைக்குள் போகிற அளவில் சின்ன வில்லை. துளை போட்டபோது விழுந்த வெள்ளைத் துண்டு வீணாவதில்லை, உருக்கு உலைக்கே திரும்பிவிடும். உருட்டியதிலும் வெட்டியதிலும் உலோகம் விறைத்துப்போயிருக்கும். அதனால் இரண்டையும் சூடாக்கி ஆறவிட்டு இளக்குகிறார்கள், பிறகு கழுவிப் பளபளப்பாக்குகிறார்கள். சூடு இதோடு சரி.

ஈருலோக நாணயங்களின் சூட்சுமம் பெரும்பாலும் சின்ன வில்லையின் விளிம்பில் இருக்கிறது. அதன் சுற்று முழுக்க ஒரு மெல்லிய பள்ளம் போட்டுவிடுவார்கள். வில்லையின் அகலம் துளையைவிட ஒரு மயிரிழை குறைவு. அதனால் வளையத்துக்குள் போட்டால் லொடலொடவென்று உட்காரும், தூக்கினால் விழுந்துவிடும். அந்த நிலையிலேயே இரண்டும் அச்சு இயந்திரத்துக்குள் போகின்றன. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் கடினமான எஃகு வளையம். பல டன் அழுத்தத்தில் அச்சு இறங்குகிறது.

அந்த அழுத்தத்தில் உலோகம் உருகுவதில்லை, ஆனால் நகர்கிறது. நடு வில்லை பக்கவாட்டில் பிதுங்குகிறது. வெளி வளையமும் பிதுங்கப் பார்க்கிறது, ஆனால் வெளியே எஃகு வளையம் தடுப்பதால் உள்பக்கம் மட்டும்தான் அதற்கு வழி. இரண்டும் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும்போது வெள்ளை உலோகம் மஞ்சள் வில்லையின் பள்ளத்துக்குள் புகுந்து நிரப்பிவிடுகிறது. அதன்பிறகு பிரிக்க வேண்டுமானால் உலோகத்தைக் கிழிக்கத்தான் வேண்டும். சிங்கமுகத் தூண், எண், எழுத்து எல்லாம் பதிவதும் அதே அடியில்தான். வெளியே நிற்கும் எஃகு வளையத்தின் உள்பக்கம் பன்னிரண்டு பட்டைகளாக இருந்தால் காசுக்கும் பன்னிரண்டு பக்கங்கள் வந்துவிடும். விளிம்பு வரிகளும் அப்படி வருபவையே.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இரண்டு நிறமும் சேரும் கோட்டைப் பாருங்கள். தூரத்தில் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டமாகத் தெரிவது கிட்டத்தில் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. உலோகம் நகர்ந்துபோய் முட்டிய இடம் அது. அந்தக் கோட்டின்மேல் சித்திரம் எதையும் பெரிதாகப் போடாமல் விலகிப்போகும் வடிவமைப்பாளர்களே அதிகம். இரண்டு உலோகமும் ஒரே மாதிரி நகராதே! யூரோ நாணயத்தின் பொதுப்பக்கம், அதாவது எல்லா நாட்டுக்கும் ஒன்றான எண் பக்கம், இந்த வகையில் கொஞ்சம் துணிச்சல். பெல்ஜிய நாணயச்சாலையின் லுக் லுய்க்ஸ் வரைந்தது. அதில் ஆறு கோடுகள் நடு வட்டத்தைக் கடந்து வளையத்துக்குப் போய் நட்சத்திரங்களில் முடிகின்றன.

பூட்டு சரியாக விழாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கனடா காட்டியது. இரண்டு டாலர் நாணயம் 1996 பிப்ரவரியில் புழக்கத்துக்கு வந்த புதிதில் சிலவற்றில் நடு வட்டம் கழன்று விழுந்தது. விஷயம் பரவியதும், தங்கள் காசும் கழலுமா என்று வேண்டுமென்றே தட்டிப் பார்க்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. நம் ஊரிலும் சுத்தியலை எடுத்துவிடாதீர்கள். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் சிதைப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

இவ்வளவு சிரமம் எதற்கு? முதல் காரணம் கள்ளக் காசு. இது நவீன யோசனையும் இல்லை. இங்கிலாந்தில் 1684இல் மலிவான வெள்ளீயத்தில் கால் பென்னிக் காசு அடித்தபோது, யாரும் எளிதாகப் போலி செய்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு செம்புத் துண்டைப் பதித்தார்கள். அமெரிக்காவில் 1792இல் செம்புக் காசின் நடுவே ஒரு வெள்ளித் துளியை வைத்து மாதிரி அடித்துப் பார்த்தார்கள். அங்கே நோக்கம் வேறு: ஒரு சென்ட் மதிப்புள்ள செம்பை முழுதாகப் போட்டால் காசு பெரிதாகிவிடும், கொஞ்சம் வெள்ளி சேர்த்தால் அளவைச் சுருக்கலாம். இரண்டும் நீடிக்கவில்லை. லட்சக்கணக்கில், ஒன்றுபோல, கழலாமல் அடிக்கிற தொழில்நுட்பம் கைகூட இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆனது. 1982இல் இத்தாலி வெளியிட்ட 500 லீரா நாணயத்திலிருந்துதான் இன்றைய ஈருலோகக் காசின் கதையைத் தொடங்குவார்கள். எஃகு வளையம், நடுவில் வெண்கல நிறம். மதிப்பை பிரெய்லி புள்ளிகளிலும் பொறித்திருந்தார்கள்.

போலி எப்படித் தடுக்கப்படுகிறது என்பதற்கு பிரிட்டனின் ஒரு பவுண்டு நல்ல பாடம். பழைய பவுண்டு நாணயம் ஒரே உலோகம், வட்டம். அதே நிறத்தில் ஒரு பித்தளைக் கலவை கிடைத்தால் போதும், பட்டறையில் அடித்துவிடலாம். அடித்தார்கள். புழக்கத்தில் இருந்த காசுகளில் சுமார் முப்பதுக்கு ஒன்று போலி என்று மதிப்பிடும் அளவுக்குப் போனது. 2017 மார்ச் 28இல் அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு பக்க ஈருலோக நாணயத்தை இறக்கினார்கள். சாய்த்துப் பார்த்தால் பவுண்டு குறி எண் ஒன்றாக மாறும் உருவம், ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வரி போட்ட விளிம்பு, இன்னும் வெளியே சொல்லாத ஒரு பாதுகாப்பு அம்சம் என்று எல்லாம் உண்டு. அதற்காக ஈருலோகக் காசைப் போலி செய்யவே முடியாது என்று இல்லை. செய்கிறவனுக்கு இரண்டு கலவை, துல்லியமான துளை, கனத்த அச்சு இயந்திரம் எல்லாம் வேண்டும். சின்ன மதிப்புக் காசுக்கு அவ்வளவு முதல் போட்டால் லாபம் நிற்காது. தடுப்பு என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்குதான்.

அடுத்தது இயந்திரம். நம் ஊரில் காசு போடும் இயந்திரம் என்றால் ரயில் நிலையத்தில் எடைச் சீட்டு தரும் பெட்டியைத் தாண்டி அதிகம் நினைவுக்கு வராது. இப்போதோ எல்லாம் க்யூஆர் குறியீடு. ஐரோப்பாவில் அப்படி இல்லை. காப்பி, சிகரெட், வாகன நிறுத்தம் என்று எல்லாவற்றுக்கும் தானியங்கிப் பெட்டிகள் இருந்தன. அவை காசைப் பார்ப்பது மின்சாரத்தின் வழியாக. உருண்டு வரும் காசு ஒரு கம்பிச்சுருளைக் கடக்கும்போது அதற்குள் சின்னச் சின்ன சுழல் மின்னோட்டங்கள் எழும். உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அதைப் பொறுத்து அவற்றின் அளவு மாறும். செம்பு அருமையான கடத்தி. நிக்கல் சேர்ந்தால் அந்தத் திறன் மளமளவென்று குறையும். ஆகவே 20 சதவீத நிக்கல் வளையமும் 5 சதவீத நிக்கல் நடுப்பகுதியும் இயந்திரத்துக்குத் தனித்தனிக் கையெழுத்துகள்.

யூரோக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டு யூரோ நாணயத்தின் நடு வட்டம் ஒரே உலோகம் இல்லை. மேலும் கீழும் நிக்கல் பித்தளை, நடுவில் சுத்த நிக்கல் என்று மூன்று அடுக்கு. வளையம் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். செம்போடு இந்த அளவில் கலந்த நிக்கல் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் சுத்த நிக்கல் ஒட்டும். அதனால் காந்தத்தை நடுவில் வைத்தால் லேசாக இழுக்கும், வளையத்தில் வைத்தால் சும்மா இருக்கும். இந்த அடுக்கின் அருமை 2002இல் யூரோ காசுகள் புழக்கத்துக்கு வந்ததுமே புரிந்தது. தாய்லாந்தின் 10 பாட் நாணயமும் ஈருலோகம், 26 மி.மீ., 8.5 கிராம். இரண்டு யூரோ 25.75 மி.மீ., அதுவும் 8.5 கிராம். நிறங்களும் அதே வரிசை. ஆனால் 10 பாட்டின் மதிப்பு அப்போது கால் யூரோவைச் சுற்றித்தான். எடையையும் அளவையும் மட்டும் பார்த்த பெட்டிகள் ஏமாந்தன. உள்ளே இருக்கிற நிக்கல் அடுக்கைத் தேடிய பெட்டிகள் ஏமாறவில்லை.

இரண்டு உலோகத்தைச் சேர்த்து வைப்பதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. வெவ்வேறு உலோகங்கள் ஒட்டியிருந்து, மேலே உப்புத் தண்ணீர் பட்டால் மின்கலம் ஆகிவிடும். உள்ளங்கை வியர்வையே போதும். சூரிச் ஆராய்ச்சியாளர்கள் 2002இல் யூரோ காசுகளைச் செயற்கை வியர்வையில் போட்டுப் பார்த்தார்கள். வளையத்துக்கும் நடுவுக்கும் இடையே 30 முதல் 40 மில்லிவோல்ட் மின்னழுத்தம் எழுந்தது, கூடவே நிக்கலும் கரைந்து வந்தது. தோலோடு வெகுநேரம் ஒட்டியிருக்கும் பொருள்களுக்கு ஐரோப்பிய விதி அனுமதித்த அளவைவிட 240 முதல் 320 மடங்கு. தலை சுற்றும் எண்தான். ஆனால் அந்த விதி தோடு, கடிகாரம் போன்றவற்றுக்கானது, காசை யாரும் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ள காசாளர்களுக்கு வேண்டுமானால் இது கவலை. 10, 20, 50 சென்ட் காசுகளை நிக்கலே இல்லாத கலவையில் அடித்ததற்கு இந்த ஒவ்வாமைப் பேச்சும் ஒரு காரணம்.

இனி விரல். 2019 மார்ச்சில் வெளியிட்ட புதிய வரிசை நாணயங்களைப் பார்வையற்றவர்களும் எளிதில் அடையாளம் காணும்படி தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் உதவியோடு வடிவமைத்தார்கள். இருபதுக்கு விளிம்பு வரியே வைக்காமல் விட்டது எனக்குப் பிடித்த முடிவு. அகலத்தைப் பத்து ரூபாயைப் போலவே 27 மி.மீ. என்று வைத்தது கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் மூலைகளும் வழவழப்பும் சேர்ந்து அதைச் சரிக்கட்டிவிடுகின்றன. இருட்டிலும் குழம்பாது. இந்தப் புத்தி நமக்குப் புதிதும் இல்லை. ஐந்து பைசா சதுரம், பத்து பைசா நெளிநெளி விளிம்பு, இருபது பைசா அறுகோணம், தொண்ணூறுகளின் இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கம். நடுவில் எல்லாவற்றையும் எஃகு வட்டமாக்கி, ஒன்றும் இரண்டும் எது என்று கடைக்காரரையே திருப்பித் திருப்பிப் பார்க்க வைத்தார்கள். அந்தக் காலம் எனக்குப் புரியவே இல்லை.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 2018இல் வெளிவந்த கணக்குப்படி ஒரு ரூபாய் நாணயம் அடிக்க 1.11 ரூபாய், பத்து ரூபாய் நாணயம் அடிக்க 5.54 ரூபாய். ஆகவே செம்பும் நிக்கலும் போட்டு இரண்டு துண்டாகச் செய்வது பெரிய மதிப்புக் காசுக்குத்தான் கட்டும். உலோகத்தின் விலை காசின் மதிப்பைத் தாண்டினாலோ, காசு உலைக்குப் போய்விடும். இந்தியக் காசுகள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர பிளேடாவதாக 2007இல் செய்திகள் வந்தது ஞாபகம் இருக்கலாம்.

உலோகம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் முகம் நிலையாக இல்லாவிட்டால் காசு ஓடாது. பத்து ரூபாய் நாணயத்துக்கு நடந்தது அதுதான். 2011க்கு முந்தைய ஒரு வடிவத்தில் எண்ணுக்கு மேலே 15 கோடுகள், ரூபாய்க் குறி இல்லை. 2011இலிருந்து 10 கோடுகள், கூடவே தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறி. நடுநடுவே தலைவர்கள், நிகழ்வுகள் நினைவாக வேறு வேறு முகங்கள். 15 கோடு கள்ளக் காசு, 10 கோடுதான் செல்லும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. பெட்டிக்கடை, பேருந்து என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் வாங்க மறுத்தார்கள். 2018 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது: அதுவரை வந்தவை 14 வடிவங்கள், அத்தனையும் செல்லும். பதினான்கு! யாரைக் குறை சொல்ல? யூரோவிலும் ஒரு பக்கம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் எண் உள்ள பக்கம் எல்லோருக்கும் ஒன்று. அதை ஒருமுறை பழகிவிட்டால் போதும். பத்து ரூபாயில் எண் இருந்த பக்கமே மாறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கோடுகளை எண்ண ஆரம்பித்ததில் ஆச்சரியம் இல்லை.

உண்மையில் எண்ணிப் பார்க்க வேண்டிய கோடு எதுவும் இல்லை. இரண்டு நிறமும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா, நகத்தால் அழுத்தினால் நடு வட்டம் ஆடுகிறதா, எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அதைவிடப் பயன்படும்.

இருபது ரூபாயின் எண் பக்கத்தில் தானியக் கதிர்கள் இருக்கின்றன, விவசாய நாடு என்பதற்கு அடையாளமாக. வருடத்தின் அருகில் இன்னும் உற்றுப் பாருங்கள். சின்ன வைர வடிவம் இருந்தால் உங்கள் காசு மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா.